மேல்காற்றும் உயிர்வேலியும்

ஆனி பிறந்துவிட்டால் ஆழ்வார்குறிச்சியில் வீட்டுக் கதவுகளுக்கு ஓய்வில்லை. மேற்கே சிவசைலத்து மலைமுடிகள் மேகத்துக்குள் மறைந்திருக்கும். கடனாநதியில் நீரின் நிறம் மாறியிருக்கும். ஊருக்குள்ளோ மழை இராது, காற்றுதான் இருக்கும். மலைக்கு அப்பால் மலையாள நாட்டில் பெய்து தீர்த்த பருவமேகம் தன் நீரை அங்கேயே விட்டுவிட்டு, வேகத்தை மட்டும் நமக்கு அனுப்பிவைக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொன்னதை வெறும் மிகைப்பேச்சு என்று கொள்பவர், ஒருமுறை ஆடி மாதத்தில் இங்கு வந்து தங்கவேண்டும்.

இவ்வட்டாரத்தில் மலையைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கிளைப்பங்கு ஆலயத்தின் பொறுப்பு ஐந்தாண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. ஆலயத்தை ஒட்டி முக்கால் ஏக்கர் வெற்றிடம். அதன் மேற்கு எல்லையில் உடைமரமும் கிளுவையும் திருகுகள்ளியும் பின்னிக் கிடந்த ஒரு பழைய வேலி. நடுநடுவே நான்கைந்து பனைகள். பார்வைக்கு அது ஒரு புதர். பாம்பு அடையும் இடம் என்று சிலர் சொன்னார்கள். ஆலய வளாகத்திற்கு அது அழகன்று என்று எனக்கும் தோன்றியது. பங்கு மக்கள் கூலி வேலையில் மிச்சம் பிடித்த பணத்தைத் தந்தார்கள். பனைகளை மட்டும் விட்டுவிட்டுப் புதரை வெட்டி, ஆறடி உயரத்தில் மதில் எழுப்பினோம். அதன் காவலில் நூறு வாழைக்கன்றுகளை நட்டோம். அவற்றின் வருவாயில் ஆலயத்திற்கு ஒரு புதிய மணி வாங்குவதென்று பங்குப் பேரவையில் முடிவும் செய்தாயிற்று.

அடுத்த ஆடியில் அவ்வாழைகளில் அறுபதுக்கு மேல் முறிந்து சாய்ந்தன. மதிலை ஒட்டி நின்றவை பிழைத்தன; மதிலுக்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளிக் குலை தள்ளும் பருவத்தில் நின்றவையே முதலில் போயின. வேலி இருந்த காலத்தில் அந்நிலத்தில் பயிர் செய்து பழகிய முதியவர் ஒருவர் வந்து பார்த்தார்.

“சாமி, நீங்க காத்தை நிறுத்தப் பாத்தீங்க. நிறுத்துன காத்து மதில் மேல ஏறிக் குதிக்கும். வேலி காத்தை நிறுத்தாது, சலிச்சு விடும்” என்றார்.

சலித்து விடும் என்ற அந்த ஒரு சொல் என்னைச் சில பழைய நூல்களுக்குள்ளும், இந்த நெல்லைச் சீமையின் நிலத்துக்குள்ளும் அனுப்பியது. அங்கே கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

காற்று வரும் வழி

திசைக்கொரு காற்றுக்குத் தனிப்பெயர் வைத்தவர்கள் தமிழர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இவற்றுள் தென்றலுக்குக் கிடைத்த புகழ் மற்றவற்றுக்குக் கிடைக்கவில்லை. பொதிகையில் பிறந்து சந்தனம் பூசி வருவதாகப் புலவர்கள் அதனைப் பாடினர். அதே பொதிகையின் அடிவாரத்தில் உழுது பிழைக்கும் மக்களோ ஆண்டில் நான்கு மாதம் வேறொரு காற்றோடு போராடுகின்றனர். அவர்கள் அதனை மேல்காற்று என்கின்றனர். புலவரின் கோடையும் உழவரின் மேல்காற்றும் ஒன்றே.

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடுமதில். அகத்தியர் மலை மட்டுமே கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். தென்மேற்குப் பருவக்காற்று இம்மதிலில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மழையாகிறது. மறுபுறம் இறங்கும்போது உலர்ந்து வேகம் கொள்கிறது. மதிலில் இடைவெளி உள்ள இடங்களில் அதன் வேகம் இன்னும் கூடுகிறது. வடக்கே பாலக்காட்டுக் கணவாய், நமக்கு அண்மையில் செங்கோட்டை ஆரியங்காவுக் கணவாய், தெற்கே ஆரல்வாய்மொழி ஆகிய மூன்றும் தமிழகத்தின் காற்று வாசல்கள். செங்கோட்டையையும் கொல்லத்தையும் இணைக்கும் புகைவண்டிப் பாதை 1904இல் எந்த வழியைத் தேர்ந்ததோ, காற்று எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக அதே வழியைத்தான் பயன்படுத்தி வருகிறது. பெருகி வரும் நீரைக் குறுகிய மடைவாயில் திறந்துவிட்டால் எப்படிப் பாயுமோ, அப்படியே கணவாயில் புகுந்த காற்றும் பாய்கிறது.

இக்காற்று மரத்தை முறிப்பது கண்ணுக்குத் தெரியும் கேடு. கண்ணுக்குத் தெரியாத கேடு அதனினும் பெரிது. இலையிலும் மண்ணிலும் உள்ள ஈரத்தை அது ஓயாமல் உறிஞ்சுகிறது. காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் போய்விடுகிறது. ஆகவே காற்றுப் பாங்கான நிலத்தில் தோட்டம் போடுகிறவன் கிணற்றைப் பற்றி நினைக்கும் முன்பே வேலியைப் பற்றி நினைத்தாக வேண்டும்.

முதலில் காவல், பிறகு பயிர்

இதனை நம் நாட்டில் மிக நேர்த்தியாக அறிந்திருந்தவர்கள் வெற்றிலை பயிரிட்டவர்கள். வெற்றிலைக்கொடியைப் போல மென்மையான பயிர் வேறு அரிது. வெயில் கூடாது, காற்று கூடாது, நீர் தேங்கவும் கூடாது. அத்தகைய கொடியை இவ்வளவு கடுங்காற்றும் வெயிலும் உள்ள பாண்டிநாட்டில் நம் முன்னோர் வளர்த்தனர். அதற்கெனவே அவர்கள் அமைத்த தோட்டத்திற்குக் கொடிக்கால் என்று பெயர். கொடிக்கால் என்பது சில சமூகத்தாரின் பெயரிலேயே அடைமொழியாக ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அது தனித் தொழிலாகவும் தனிக் கலையாகவும் விளங்கிற்று.

கொடிக்காலில் முதலில் வெற்றிலையை நடுவதில்லை, அகத்தியை விதைப்பார்கள். நீண்ட பாத்திகளின் ஓரங்களில் அகத்தி நெருக்கமாக முளைத்து, நிழல் தரும் அளவுக்கு வளர்ந்த பின்பே அதன் அடியில் கொடித்துண்டுகளை ஊன்றுவார்கள். தோட்டத்தின் ஓரங்களில் வாழையை நெருக்கி வைப்பதும் உண்டு. அகத்தி கொடிக்குக் கொம்பாகிறது. மெல்லிய இலைகளால் அரை நிழல் தருகிறது. காற்றின் வேகத்தைத் தணிக்கிறது. வேரினால் மண்ணுக்கு உரமூட்டுகிறது. கழித்த தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் உணவாகிறது. தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தை நெருங்கும் ஆத்தூரில் இன்றும் இந்தக் கொடிக்கால்களைக் காணலாம். ஹென்றி ஹென்றிக்கஸ் அடிகளார் பணியாற்றிய புன்னைக்காயலுக்குப் போகிறவர்கள் இவற்றைக் கடந்துதான் சென்றிருப்பார்கள். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் வெற்றிலைக்குத் தன்னைக் கொடுத்து நிற்கும் அகத்திக்கும் பங்குண்டு.

காற்றை வெல்ல வேறொரு வழியும் உண்டு. அது காற்றில்லாத இடத்தைத் தேடிப் போவது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பயிரிட நம் மாவட்டத்தில் தேர்ந்தது குற்றாலத்தை. ஜாதிக்காய் மரத்தின் வேர் ஆழமாக இறங்காது. பலத்த காற்றை அது தாங்காது. மலையின் மடியில், அருவிச் சாரலில் அதற்கு இடம் கிடைத்தது. பொருளும் அதிகாரமும் உள்ளவர்களுக்கு அந்த வழி இருந்தது. குற்றாலத்தில் நிலம் கிடைக்காத ஏழைக்கு என்ன வழி? அதற்கு விடை தெரிய வேண்டுமானால் ஆற்றோடு கிழக்கே சென்று, நதியின் தென்கரையைத் தாண்டித் தேரிக்காட்டுக்குள் நுழைய வேண்டும்.

செம்மணலை நிறுத்தியவர்கள்

திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளில் பரந்து கிடக்கும் செம்மணற் பரப்புகளைத் தேரி என்கிறோம். மேற்கிலிருந்து காற்று வாரிக்கொண்டு வந்த மண் இது என்றும், பழைய கடற்கரை மணற்குன்றுகளே காலப்போக்கில் இரும்புச் சத்தால் செந்நிறம் பெற்றன என்றும் அறிஞர்கள் இருவகையாகக் கருதியுள்ளனர். நிலவியல் ஆய்வாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களைப் பற்றி 1883இல் வெளியிட்ட ஆய்வில் தேரிகளைப் பற்றி எழுதினார். தேரிப் பகுதியில் கற்கால மனிதன் விட்டுச் சென்ற நுண்கற்கருவிகளை ஆராய்ந்து சாய்னர், ஆல்ச்சின் ஆகிய இருவரும் 1956இல் கட்டுரை வெளியிட்டனர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் மணப்பாட்டுக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் நடந்தபோது இந்தச் செம்மணலின் ஓரத்தையே மிதித்திருப்பார்.

தேரியின் தொல்லை அது ஓரிடத்தில் நில்லாமையே. ஆடிக்காற்றில் மணல் நகரும், விளைநிலத்தை மூடும், கிணற்றைத் தூர்க்கும். இதைத் தடுக்க 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாவட்ட நிர்வாகம் தேரியில் பனையையும் உடையையும் நட்டு மணலைக் கட்டிப்போட முயன்றது. அரசு நடுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே மக்கள் அதைச் செய்து வந்தனர். இப்பகுதியின் ஊர்ப்பெயர்களே அதற்குச் சான்று. பண்ணைவிளை, பண்டாரவிளை என்று வரும் ‘விளை’ என்ற சொல், காட்டையும் மணலையும் திருத்தி மனிதர் ஆக்கிக்கொண்ட தோட்டத்தைக் குறிக்கும்.

ஒரு விளையை ஆக்கும் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. காற்று வரும் பக்கத்தில் பனையின் கருக்குமட்டைகளை நட்டு நெருக்கமாகக் கட்டுவார்கள். மட்டைகளின் இடுக்குகள் வழியே காற்று நுழையும். அதன் வேகம் குறையும். அது சுமந்து வந்த மணல் வேலியடியில் விழும். அந்த மறைவில் பனங்கொட்டைகளையும் உடை விதைகளையும் ஊன்றுவார்கள். உடைமரம் குடை போல் விரிந்து தரையோரக் காற்றை ஏற்கும். பனை எண்ணிறந்த வேர்களால் மணலைப் பற்றிக்கொள்ளும். சில ஆண்டுகளில் வேலிக்குள் முருங்கை நிற்கும். அதன்பின் வாழையும் காய்கறியும் வரும். கருக்குமட்டை மட்கிப் போகும்போது அதன் இடத்தில் மரங்கள் நிற்கும். கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார், இந்துக்கள் என்ற வேறுபாடின்றிப் பனையேறிக் குடும்பங்கள் அனைத்தும் இந்த அறிவைக் கையாண்டன. ஏட்டில் எழுதாமல் கையிலிருந்து கைக்கு வந்த அறிவு அது.

பனை நட்டவனுக்குப் பனை உடனே பயன் தராது. பதநீர் இறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். தாத்தா ஊன்றியதில் பேரன் ஏறுவான். தேரியில் இன்று காற்றை எதிர்த்து நிற்கும் முதிய பனைகள் எல்லாம், நடும்போதே தமக்கு இதில் பங்கில்லை என்று அறிந்திருந்த மனிதர்கள் நட்டவை.

உலகம் கற்ற பாடம்

பிற நாட்டாரும் இதே பாடத்தைப் பெரும் துன்பத்திற்குப் பின்னரே கற்றனர். பிரான்சு நாட்டின் தென்மேற்குக் கடற்கரையில் மணற்குன்றுகள் நகர்ந்து ஊர்களை விழுங்கின. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரேமோந்தியே என்ற பொறியாளர், தம் முன்னோடிகளின் வழியில், மணல்மீது மரக்கிளைகளைப் பரப்பி அவற்றின் மறைவில் பைன் விதைகளை முளைக்கச் செய்தார். டென்மார்க்கில் 1864ஆம் ஆண்டுப் போரில் தெற்கு மாநிலங்களை இழந்த பின், எஞ்சிய பாழ்நிலத்தையேனும் திருத்துவோம் என்று 1866இல் தால்காசு என்பவர் முன்னின்று ஒரு சங்கம் அமைத்தார். காற்று வீசும் யூட்லாந்துப் பொட்டல்வெளியில் அச்சங்கத்தின் முயற்சியால் மரவரிசைகள் எழுந்தன. அமெரிக்காவில் 1930களில் உழுது கெடுத்த புல்வெளிகளின் மண் புழுதிப் புயலாக எழுந்தபோது, அதிபர் ரூசுவெல்ட் 1934இல் ஒரு திட்டத்தை அறிவித்தார். 1942 வரை வடக்கு டக்கோட்டாவிலிருந்து டெக்சாசு வரை ஏறக்குறைய 22 கோடி மரங்கள் நடப்பட்டன.

இவ்வனுபவங்களிலிருந்தும் பின்வந்த ஆய்வுகளிலிருந்தும் உறுதிப்பட்ட உண்மைகள் சில. திண்ணிய மதிலில் மோதும் காற்று மேலே எழும்பி, அப்பால் சுழன்று விழுகிறது. பாதியளவு இடைவெளி உள்ள மரவேலியோ காற்றின் ஒரு பகுதியை மெதுவாக உள்ளே விடுகிறது. அதனால் மேலிருந்து விழும் சுழல் உண்டாவதில்லை. நல்ல வேலி தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை நன்கு காக்கும். இருபது மடங்கு வரை அதன் பயன் ஓரளவு தெரியும். 5 மீட்டர் உயர வேலி 50 மீட்டர் நிலத்திற்குக் காவல் என்று பொருள். அடியில் இலையின்றி வெறும் தண்டாக நிற்கும் மரவரிசை உதவாது. தரையோரம் புதரும், நடுவில் சிறுமரமும், பின்னால் நெடுமரமும் சேர்ந்திருக்க வேண்டும். வேலியில் ஓரிடத்தில் மட்டும் பெரிய இடைவெளி விட்டால் காற்று அங்கே கணவாயில் புகுவது போல் புகும். ஆகையால் காற்று வரும் திசையில் வாசல் வைக்கலாகாது.

இதைப் படித்தபோது நான் வெட்டிய புதர் என் நினைவுக்கு வந்தது. முன்னால் திருகுகள்ளியும் கிளுவையும், நடுவில் உடை, பின்னால் பனை. யாரோ ஒருவர் முழு அறிவோடு அதை வரிசைப்படுத்தி நட்டிருந்தார். புதர் என்று எண்ணி நான் வெட்டியது ஒரு நூலகம்.

இழந்தவை

நான் ஒருவன் மட்டும் இத்தவற்றைச் செய்யவில்லை என்பது ஆறுதலன்று. அது கவலைக்குரிய செய்தி. தமிழகமெங்கும் உயிர்வேலிகள் அழிந்த வரலாறு நீண்டது. அமெரிக்காவிலிருந்து வந்து நம் வேலிகளில் பரவியிருந்த சப்பாத்திக்கள்ளி, 1926இல் இலங்கை வழியே கொண்டுவரப்பட்ட ஒருவகைக் கொச்சினீல் பூச்சியால் பெரிதும் அழிந்தது. பரவிக் கெடுத்த செடி ஒழிந்தது நன்மையே. ஆயினும் அது நின்ற இடமெல்லாம் நம் பழைய வேலிச் செடிகள் திரும்பி வரவில்லை. 1870களில் இந்தியாவுக்குள் வந்த சீமைக்கருவேலம் பின்னாளில் உடைமரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு முள்கம்பி வந்தது, மதில் வந்தது. நிலம் துண்டு துண்டாகப் பிரிந்தபோது, வேலிக்கு விடும் ஐந்தடி நிலம் வீண் என்று தோன்றிற்று. பனைகள் செங்கற் சூளைக்குப் போயின. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. அதற்கு முன் எரிந்தவை எரிந்தவையே.

இதே காலத்தில் காற்றின் மதிப்பு வேறு விதமாக உயர்ந்தது. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்னர் கயத்தாறும் முப்பந்தலும் காற்றாலைக் காடுகளாயின. பகை என்று எண்ணிய காற்றையே மின்சாரமாக்கிக்கொண்டோம், அது நல்லதே. ஆனால் காற்றாலையின் கீழே கத்தரியும் வாழையும் வைத்திருக்கும் சிறு உழவருக்கு அந்தக் காற்று இன்றும் அதே காற்றுதான்.

திரும்ப நட்டது

பங்கு மக்களின் பணத்தில் எழுந்த மதிலை இடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது. ஒரு ஞாயிறன்று திருப்பலிக்குப் பின் அனைவர் முன்னிலும் என் தவற்றைச் சொன்னேன். யாரும் கடிந்துகொள்ளவில்லை. “வேலிய வச்சா வந்துட்டுப் போகுது சாமி” என்றார் ஒருவர். மதிலின் மேல் இரண்டு வரிசைகளில் ஒன்றுவிட்டு ஒரு கல்லை எடுத்துவிட்டோம். கட்டிய கொத்தனாரே வந்து சிரித்துக்கொண்டே எடுத்தார். மதிலுக்கு வெளியே ஆலயத்திற்குச் சொந்தமான பத்தடி நிலத்தில் கிளுவைப் போத்துகளையும் உடை விதைகளையும் வைத்தோம். உள்ளே பூவரசும் புங்கும், அதற்குள் அகத்தி. புரட்டாசி மழைக்கு முன் சிறுவர்கள் நாற்பது பனங்கொட்டைகளை ஊன்றினார்கள். அகத்தி ஓராண்டில் ஆளுக்கு மேல் வளர்ந்தது. மூன்றாம் ஆண்டு ஆடியில் வாழை நட்டோம். ஐந்து மட்டும் சாய்ந்தன.

வேலி வளர்ந்தபோது நான் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. உடை நெற்று பொறுக்கவும் தழை ஒடிக்கவும் ஆடுகளோடு நாலைந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுள் வயதில் மூத்த ஓர் அம்மாவிடம், இத்தனை நாளாக ஏன் இந்தப் பக்கம் காணவில்லை என்று கேட்டேன். “மதிலு வந்த பெறகு எங்களுக்கு இங்க என்ன சோலி சாமி?” என்றார்.

வாழை முறிந்ததை அன்றே கண்டேன். இவர்கள் வராமற்போனதை மூன்றாண்டுகளாக நான் காணவேயில்லை. பழைய வேலி எல்லையைக் காட்டியது, காற்றைத் தணித்தது, அதே வேளையில் வெளியே நின்றவர்களுக்கும் ஏதோ ஒன்றைக் கொடுத்தது. நான் கட்டிய மதிலுக்கு எல்லையைக் காட்ட மட்டுமே தெரிந்திருந்தது. நீதி ஆளும் நாளை வருணிக்கும் இறைவாக்கினர் எசாயா, காற்றுக்கு ஒதுங்கும் இடமாக மனிதரையே உருவகிக்கிறார். குருமடத்தில் அப்பகுதியைப் படித்தபோது பெரிய கோட்டை ஒன்றைக் கற்பனை செய்திருந்தேன். இப்போது அதைப் படிக்கும்போது, மேற்கு ஓரத்தில் முதல் வரிசையில் நிற்கும் உடைமரங்கள் கண்முன் வருகின்றன. காற்றை முதலில் ஏற்பதால் அவை மற்றவற்றைவிடக் குட்டையானவை, கிழக்கே சாய்ந்தவை. அவற்றுக்குப் பின்னால் பப்பாளி நேராக நிற்கிறது.

வரும் ஆண்டில் எனக்கு மாறுதல் வரக்கூடும். ஊன்றிய நாற்பது பனங்கொட்டைகளில் இருபத்தாறு முளைத்திருக்கின்றன. அவை இன்னும் முழங்கால் உயரக் குருத்துகளே. தெரியாதவர் கண்ணுக்கு வெறும் ஓலைப் புல். அவை மரமாகி நிற்கையில் இப்பங்கில் எத்தனையாவது குரு இருப்பாரோ, அறியேன். அதுவரை யாரும் புதரென்று எண்ணி இவற்றை வெட்டிவிடலாகாது. எனவே, எந்த வரிசையில் எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி, இக்கட்டுரையின் படியொன்றையும் சேர்த்து, பங்கு அலுவலகத்தில் நிலப் பத்திரம் இருக்கும் கோப்பிலேயே வைத்திருக்கிறேன்.